இக்கிட்டோஸிலிருந்து கடல் வரை: அமேசான் காடும் மீத்தேனும்

பெரு நாட்டின் இக்கிட்டோஸ் துறையிலிருந்து அட்லாண்டிக் கடலை அடைய அமேசான் ஆறு 3,500 கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டும். ஆனால் இக்கிட்டோஸ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இத்தனை நீளத்துக்கு இவ்வளவு சிறிய சரிவு என்பதால், மழை பெருகும் மாதங்களில் ஆறு கீழே இறங்குவதைவிடப் பக்கவாட்டில் பரவுவதே அதிகம். கரையோரக் காடுகள் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நிற்கின்றன. அமேசான் தாழ்நிலத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் இப்படி ஆண்டு முழுதுமோ சில மாதங்களோ நீர் தேங்கும் நிலம். உலகின் மீத்தேன் கணக்கில் அமேசான் பெரிய இடம் பிடித்திருப்பதற்கு இந்த ஈரமே முதற்காரணம். ஆற்றின் போக்கிலேயே படகில் இறங்கினால் இந்தக் காட்டின் எல்லா வகைகளும், மீத்தேன் ஆய்வு நடந்த முக்கிய இடங்கள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

தண்ணீர் மூடிய சேற்றில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். அதன்பிறகு உதிர்ந்த இலையையும் மட்கிய வேரையும் சிதைக்கும் பொறுப்பு ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்களுக்குப் போகிறது. அந்தச் சங்கிலியின் கடைசியில் இருப்பவை ஆர்க்கியா என்ற பழமையான நுண்ணுயிர்கள். மீத்தேன் அவற்றின் கழிவு. தஞ்சை வயலில் நடவு நேரத்தில் கால் வைத்தால் சேற்றிலிருந்து எழும் குமிழிகளில் இருப்பதும் இதே வாயுதான். 100 ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது; 20 ஆண்டுக் கணக்கில் அது சுமார் 80 மடங்கு. வளிமண்டலத்தில் அது தங்குவதோ பத்தாண்டு அளவுக்குத்தான். அதனால் உமிழ்வு ஏறினாலும் இறங்கினாலும் அதன் விளைவு ஒரு தலைமுறைக்குள் தெரிந்துவிடும்.

இக்கிட்டோஸுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. விமானத்திலோ படகிலோதான் வர வேண்டும். நகரிலிருந்து புறப்படும் ஒரே நெடுஞ்சாலை 100 கிலோமீட்டர் போய் நவுட்டா என்ற ஆற்றங்கரை ஊரோடு நின்றுவிடுகிறது. தெருமுனைகளில் பெண்கள் கூடைகளில் வைத்து விற்கும் செதில் போர்த்த செந்நிறப் பழம் அகுவாஹே. அது ஒரு பனையினத்தின் பழம். அந்தப் பனை வளர்வது நீர் வடியாத சதுப்பில். நகருக்கு மேற்கே விரியும் பஸ்தாசா-மராஞோன் படுகையில் இத்தகைய பனஞ்சதுப்புகள் பல்லாயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கின்றன. அவற்றின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் சேர்ந்த தாவரக் கரிமம், பீட் என்ற பெயரில், சில இடங்களில் பல மீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கிறது. அமேசானின் மிகப்பெரிய பீட் நிலம் இது.

நகரை ஒட்டிய கிஸ்தகோச்சா ஏரி உள்ளூர் மக்கள் ஞாயிற்றுக்கிழமை குளிக்கவும் விலங்குக் காட்சிசாலை பார்க்கவும் போகிற இடம். அதே ஏரியை ஒட்டிய பனங்காட்டில் ஓர் அளவீட்டுக் கோபுரம் நிற்கிறது. காட்டுக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் வாயுப் பரிமாற்றத்தை அது விடாமல் பதிவு செய்கிறது. 2020-இல் வெளியான முடிவுகளின்படி, அந்தக் காடு கரியமில வாயுவை நிகரமாக உறிஞ்சுகிறது. அதே வேளையில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 22 கிராம் அளவில் கரிமத்தை மீத்தேனாக வெளியே விடுகிறது. காடு நல்லது, சதுப்பு கெட்டது என்று யாரும் பிரித்துவிட முடியாதபடி இரண்டும் ஒரே மரத்தடியில் நடக்கின்றன. பழத்துக்காகப் பெண்பனைகளை வெட்டிச் சாய்ப்பது இப்பகுதியில் பழைய வழக்கம். ஏறிப் பறிக்கும் முறையைப் பரப்பும் முயற்சிகள் மெல்லத்தான் நகர்கின்றன.

இக்கிட்டோஸிலிருந்து கிழக்கே போகும் படகு, பெருவும் கொலம்பியாவும் பிரேசிலும் சந்திக்கும் முனையை அடைகிறது. கொலம்பியாவின் லெத்திசியாவும் பிரேசிலின் தபட்டிங்காவும் ஒரே ஊரின் இரு தெருக்களைப்போல ஒட்டிக் கிடக்கின்றன. அங்கிருந்து மனாஸ் நகரம் வரையுள்ள ஆற்றைப் பிரேசிலியர்கள் சொலிமோயிஸ் என்கிறார்கள். இரண்டு மூன்று தட்டுப் படகுகளில் பயணிகள் வலைப்படுக்கையைக் கம்பிகளில் கட்டி நாள்கணக்கில் தூங்கியபடி போகிறார்கள். ஆண்டிஸ் மலை வண்டலைச் சுமந்துவரும் இந்த நீர் பால் கலந்த தேநீர் நிறம். வண்டல் இருப்பதால் கரையோரக் காடு செழிப்பானது. வார்சியா என்று அழைக்கப்படும் இந்த வெள்ளக்காட்டில் மிதக்கும் புல் மெத்தைகளும் அகன்ற அடிமரங்களும் நெருங்கியிருக்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்து நிற்கும் சமவுமா, தமிழ்நாட்டில் தலையணைக்குப் பஞ்சு தரும் இலவமரத்தின் அதே இனம்.

தெஃபே நகரருகே உள்ள மாமிராவா காப்புக்காட்டில் வெள்ளக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே நீர்மட்டம் 10 மீட்டருக்கும் மேல் மாறுகிறது. உச்ச வெள்ளத்தில் படகு மரக்கிளைகளுக்கு நடுவே போகும். இத்தகைய காட்டில்தான் அமேசான் மீத்தேனின் நீண்டகாலப் புதிர் ஒன்று அவிழ்ந்தது.

1980-களில் அமெரிக்க, பிரேசில் ஆய்வாளர்கள் மனாஸ் சுற்றுப்பகுதியில் ஏரிகளிலும் மிதக்கும் புல்லிலும் வெள்ளக்காட்டுத் தரையிலும் மீத்தேனை அளந்தார்கள். அந்த எண்களைக் கூட்டி வடிநிலம் முழுவதற்கும் விரித்தபோது கிடைத்த தொகை, பின்னாளில் விமானத்தில் எடுத்த காற்று காட்டிய தொகையில் ஏறத்தாழப் பாதிதான் வந்தது. மீதி எங்கிருந்து வருகிறது? 2005-இல் என்விசாட் செயற்கைக்கோள் தரவுகளும் வெப்பமண்டலக் காடுகளின் மேல் எதிர்பாராத அளவு மீத்தேன் இருப்பதாகக் காட்டின. மறு ஆண்டே ஜெர்மனியின் ஹைடல்பெர்கிலிருந்து ஒரு குழு, தாவரங்கள் ஆக்சிஜன் இருக்கும்போதே தாமாக மீத்தேன் உண்டாக்குகின்றன என்று அறிவித்தது. அவர்களின் உலகளாவிய மதிப்பீடு ஆண்டுக்கு 6.2 கோடி டன் முதல் 23.6 கோடி டன் வரை. காடு வளர்ப்பதே புவியைச் சூடாக்குமா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின. அந்தப் பரபரப்பு நீடிக்கவில்லை. 2007-இல் நெதர்லாந்து ஆய்வு அந்த உமிழ்வைக் கணிசமாகக் காண முடியவில்லை என்றது. 2008-இல் செயற்கைக்கோள் கணக்கும் நீராவியின் குறுக்கீட்டைத் திருத்திய பிறகு குறைந்தது. ஆனாலும் இடைவெளி முற்றிலும் மூடவில்லை.

அதை மூடியது 2017-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. சுனிதா பங்களா, வின்சென்ட் கவுசி உள்ளிட்ட குழு, அமேசான் வெள்ளச்சமவெளியில் 13 இடங்களில் 2,357 மரங்களை அளந்தது. செய்முறை எளிமையானது, உடலுழைப்பு மிகுந்தது: மரத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் காற்றுப்புகாத அறை ஒன்றைக் கட்டி, உள்ளே சேரும் வாயுவை அளப்பது, பிறகு அடுத்த மரம். வெள்ளத்தில் வாழும் மரங்களுக்கு வேருக்கு ஆக்சிஜன் கொண்டுபோகும் காற்றறைத் திசு உண்டு. நெற்பயிரின் தண்டிலும் இதுவே இருக்கிறது. மேலிருந்து ஆக்சிஜன் இறங்கும் அதே பாதையில் சேற்றின் மீத்தேன் ஏறி, பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியே வெளியேறுகிறது. தண்ணீரை ஒட்டிய பகுதியில் உமிழ்வு மிக அதிகம். உயரம் கூடக்கூடக் குறைகிறது. சேற்றுக்கு மேல் உள்ள நீரில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மரத்தண்டு வழியே போகும் வாயு அவற்றிடம் சிக்காமல் தப்பிவிடுகிறது. மரங்கள் வழியே மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2.1 கோடி டன் வெளியேறுகிறது என்று குழு கணித்தது. விமானக் காற்று மாதிரிகள் வடிநிலம் முழுவதற்கும் காட்டிய 4.27 கோடி டன்னில் இது பாதியை நெருங்குகிறது. முப்பது ஆண்டுகள் ஆய்வாளர்கள் தரையையும் தண்ணீரையும் அளந்துகொண்டிருந்தபோது, அவர்கள் படகைக் கட்டிய மரங்களே கணக்கில் விடுபட்டிருந்தன.

தெஃபே ஏரி 2023 செப்டம்பரில் வேறொரு காரணத்தால் உலகச் செய்தியானது. கடும் வறட்சியில் ஏரி ஆழம் குறைந்து நீரின் வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. 200-க்கும் மேற்பட்ட ஆற்று டால்பின்கள் செத்து மிதந்தன. மீத்தேன் நோக்கில் இத்தகைய வறட்சி இரண்டு பக்கமும் இழுக்கிறது. நீர் சுருங்கினால் மீத்தேன் உண்டாகும் பரப்பும் சுருங்கும். காற்றுப் பட்ட சேற்றில் உற்பத்தி நின்றுவிடும். ஆனால் எஞ்சிய வெந்நீரின் அடியில் நுண்ணுயிர்கள் முன்னைவிட வேகமாக வேலை செய்யும்.

மனாஸுக்குச் சற்றுக் கீழே ரியோ நேக்ரோவின் கறுப்பு நீரும் சொலிமோயிஸின் பழுப்பு நீரும் சில கிலோமீட்டர் தூரம் கலக்காமலே பக்கம் பக்கமாக ஓடுகின்றன. வெப்பமும் வேகமும் அடர்த்தியும் வேறுபடுவதால் இப்படி. சுற்றுலாப் படகுகள் எல்லாம் இங்கே நிற்கும். நேக்ரோவின் நீர் அமிலத்தன்மை கொண்டது. அதில் வண்டல் இல்லை, சத்தும் இல்லை. அதன் கரையிலுள்ள இகபோ காடு மெலிந்தது. மிதக்கும் புல்லும் அங்கே அரிது. ஒரே வெள்ளம், ஒரே வெயில் என்றாலும் இரு கரைகளின் உமிழ்வை ஒரே எண்ணால் பெருக்கிவிட முடியாது.

மீத்தேன் போக்கை அறிய மனாஸில் பார்க்க வேண்டியது அந்தச் சங்கமத்தைவிடத் துறைமுகத்தின் நீர்மட்ட அளவுகோல். 1902 முதல் நாள்தோறும் பதிவு நடக்கிறது. 2021 ஜூனில் ஆறு 30.02 மீட்டரைத் தொட்டது. அந்தப் பதிவேட்டில் அதுவே உச்சம். 2023 அக்டோபரில் 12.70 மீட்டருக்கு இறங்கியது. 2024 அக்டோபரில் அதையும் தாண்டி 12.11 மீட்டர். வரலாற்றின் மிக உயர்ந்த மட்டமும் மிகத் தாழ்ந்த மட்டமும் நான்கே ஆண்டுகளுக்குள் வந்துவிட்டன. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை வந்த பெருவெள்ளம் அண்மைக் காலத்தில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகக் கண்டது. அட்லாண்டிக் வெப்பமாகிப் பசிபிக்கின் ஒரு பகுதி குளிர்ந்திருந்ததால், இரண்டுக்கும் இடையிலான காற்றோட்டம் வலுத்து அமேசான் மேல் மழை கூடியது என்பது அதன் விளக்கம். மைய அமேசானில் ஆண்டின் உச்ச வெள்ளப்பரப்பு 1980-க்குப் பிறகு ஏறத்தாழ 26 சதவீதம் விரிந்திருப்பதாக 2023-இல் மற்றோர் ஆய்வு சொன்னது. இவற்றை மட்டும் படித்தால் மீத்தேனும் ஏறியிருக்க வேண்டும் என்றே தோன்றும்.

மனாஸுக்கு வடகிழக்கே உவாட்டுமா ஆற்றுப் பக்கம் மேட்டுக்காட்டில் 325 மீட்டர் உயரமுள்ள அமேசான் நெடுங்கோபுர ஆய்வகம் நிற்கிறது. ஜெர்மனியும் பிரேசிலும் சேர்ந்து கட்டியது. வெள்ளம் எட்டாத இந்த மேட்டுக்காடுதான் அமேசானின் பெரும்பகுதி, இதன் மீத்தேன் கதையும் வேறு. காற்றோட்டமான மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள மீத்தேனை உண்கின்றன. கறையான்களும் மரக்கிளைகளில் தொற்றி வளரும் பிரொமீலியா செடிகளின் இலைக்குவளை நீரும் சிறிதளவு உமிழ்கின்றன. 2024-இல் கவுசியின் குழு, மேட்டு நில மரங்களின் பட்டையும் மீத்தேனை உறிஞ்சுகிறது என்று காட்டியது. அடிமரம் சிறிது உமிழலாம். தரையிலிருந்து ஒன்றேகால் ஒன்றரை மீட்டருக்கு மேலே உறிஞ்சல் மேலோங்குகிறது, பட்டையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களால். அமேசான், பனாமா, இங்கிலாந்து, சுவீடன் காடுகளில் எடுத்த அளவுகளை உலகுக்கு விரித்தபோது ஆண்டுக்கு 2.5 முதல் 5 கோடி டன் வரை மரங்கள் காற்றிலிருந்து எடுக்கின்றன என்று வந்தது. வெப்பமண்டல, மிதவெப்பக் காடுகளால் தட்பவெப்பத்துக்குக் கிடைக்கும் நன்மையை இது சுமார் 10 சதவீதம் கூட்டுகிறது. ஆக, மேட்டுக்காட்டை வெட்டினால் கரிமச் சேமிப்போடு ஒரு மீத்தேன் வடிகாலும் போகிறது.

அதே உவாட்டுமா ஆற்றில்தான் பால்பினா அணை இருக்கிறது. 1987-இல் மதகுகள் மூடப்பட்டு நிரம்பத் தொடங்கிய இதன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 2,360 சதுர கிலோமீட்டர் காட்டை மூழ்கடித்தது. மின்திறனோ வெறும் 250 மெகாவாட். ஒப்பிட, தொகாந்தின்ஸ் ஆற்றின் துக்குருயி அணை சற்றே பெரிய பரப்பை மூழ்கடித்து 8,000 மெகாவாட்டுக்கு மேல் தருகிறது. வெட்டப்படாமல் மூழ்கிய மரங்களின் பட்டுப்போன உச்சிகள் பால்பினாவில் இன்னும் நீருக்கு மேல் தெரிகின்றன; வாய்மிரி-அத்ரோவாரி பழங்குடிகளின் நிலத்திலும் ஒரு பகுதி போயிற்று. நீர்த்தேக்கத்தின் அடியில் ஆக்சிஜனற்ற நீர் மீத்தேனைக் கரைத்து வைத்திருக்கிறது. சுழலி அந்த ஆழத்து நீரைத்தான் இழுக்கிறது. வெளியே வந்ததும் அழுத்தம் குறைந்து வாயு பிரிந்துபோகிறது. சோடாப் புட்டியைத் திறப்பது போலத்தான். அணைக்குக் கீழே ஆற்றிலும் பல கிலோமீட்டருக்கு இந்த உமிழ்வு தொடர்வதை அளவீடுகள் காட்டின. மனாஸில் உள்ள தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்தின் பிலிப் ஃபியர்ன்சைட் இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளாக முன்வைத்து வருகிறார். நீர் மின்சாரம் எல்லாம் மாசற்றது என்ற பேச்சு பால்பினாவுக்குப் பொருந்தாது.

மனாஸிலிருந்து ஒன்றரை நாள் படகில் சாந்தரேம். தப்பஜோஸின் தெளிந்த பச்சைநீல நீர் இங்கே அமேசானில் சேர்கிறது, கரையில் வெண்மணல். தெற்கே குயபா வரை போகும் பிஆர்-163 நெடுஞ்சாலை இங்கேதான் முடிகிறது. அதன் இருமருங்கும் சோயா வயலும் மேய்ச்சல் நிலமும். ஆனால் மீத்தேன் ஆய்வில் சாந்தரேமுக்குத் தனி இடம் உண்டு. பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் லூசியானா கட்டியின் குழு 2010 முதல் அமேசானின் நான்கு மூலைகளில் சிறு விமானங்களை அனுப்பிக் காற்றைப் பிடிக்கிறது. வடகிழக்குக்குச் சாந்தரேம், தென்கிழக்குக்கு அல்தா ஃபுளோரெஸ்தா, தென்மேற்குக்கு ரியோ பிராங்கோ, வடமேற்குக்கு முதலில் தபட்டிங்கா, பின்னர் தெஃபே. விமானம் சுமார் 4.4 கிலோமீட்டர் உயரத்திலிருந்து திருகுபோலச் சுற்றியபடி 300 மீட்டர் வரை இறங்கும். வழியெங்கும் கண்ணாடிக் குடுவைகளில் காற்று அடைபடும். காற்று அட்லாண்டிக்கிலிருந்து உள்ளே வீசுவதால், கடல்தீவு நிலையங்களில் பதிவான அளவை இதிலிருந்து கழித்தால் காடு சேர்த்தது தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து அளப்பதால் தீயின் பங்கையும் பிரிக்க முடிகிறது.

லூவானா பாஸோ முதன்மை ஆசிரியராக 2021-இல் வெளியான கட்டுரை 2010 முதல் 2018 வரையான முடிவுகளைத் தந்தது. அமேசான் ஆண்டுக்குச் சராசரியாக 4.62 கோடி டன் மீத்தேன் உமிழ்கிறது; உலகத் தொகையில் சுமார் 8 சதவீதம். அதில் 17 சதவீதம் தீயால், மீதி பெரும்பாலும் ஈரநிலங்களால். அந்த ஒன்பது ஆண்டுகளில் ஏறுமுகமோ இறங்குமுகமோ தென்படவில்லை. மழை ஆண்டெல்லாம் பெய்யும் வடமேற்கில் பருவ வேறுபாடு மெல்லியது, தெற்கில் கூர்மையானது. மிக அதிக உமிழ்வு வடகிழக்கில், சாந்தரேம் வானத்தில். அதற்கான காரணம் தெளிவாக இல்லை என்று ஆசிரியர்களே எழுதினார்கள்.

அதே ஆண்டு, அதே 2010-2018 காலத்துக்கு, ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு செய்த மற்றோர் ஆய்வு, கிழக்கு அமேசானின் உமிழ்வு பெரியது மட்டுமல்ல, ஏறியும் வருகிறது என்றது. இரண்டில் ஒன்று பொய் என்று கொள்ளத் தேவையில்லை. விமானம் மாதத்துக்கு ஓரிரு முறை நான்கு இடங்களில் காற்றை நேரடியாகப் பிடிக்கிறது. செயற்கைக்கோள் எல்லா இடத்தையும் பார்க்கிறது, மேகம் விலகும்போது மட்டும். அமேசானில் வெள்ளமும் மேகமும் சேர்ந்தே வருவதால் மீத்தேன் மிகுந்த மாதங்களில்தான் அதற்குப் பார்வை குறைவு. வெள்ளம் பெருகியும் மொத்தத்தில் ஏற்றம் தெரியாமல் போனதற்கு, உச்சமும் தாழ்வும் ஒருசேர விரிந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்: ஓர் ஆண்டின் பெருவெள்ளம் கூட்டியதை மறு ஆண்டின் வறட்சி குறைத்துவிடும். சராசரியில் இரண்டும் மறைந்துபோகும்.

கிழக்கிலும் தெற்கிலும் மனிதன் சேர்த்த பங்கும் உண்டு. பிரேசில் அமேசானில் காடழிப்பு 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்து, 2012-இல் 4,571 ஆகச் சரிந்து, 2021-இல் மறுபடி 13,000-ஐத் தாண்டியது. 2024-இல் சுமார் 6,300. அழிந்த இடத்தில் பெரும்பாலும் வருவது மாடு. பிரேசிலில் இப்போது 20 கோடிக்கும் மேல் மாடுகள் உள்ளன. நாட்டின் மீத்தேன் பட்டியலில் முதலிடம் அவற்றின் அசைபோடலுக்கே. ரொண்டோனியா மாநிலத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றும் காட்டின: காடாக இருக்கும்போது மீத்தேனை உண்ட மண், மாடு மிதித்து இறுகிய மேய்ச்சல் நிலமானதும் மீத்தேனை உமிழத் தொடங்கியது.

ஆற்றின் வாயில் பெலேம் நகரம்; 2025 நவம்பரில் ஐ.நா. தட்பவெப்ப மாநாடு இங்கே கூடியது. உலகக் காற்றில் மீத்தேன் தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 700 பங்கை ஒட்டி இருந்தது. இப்போது 1,920 பங்குக்கும் மேல். 1999-2006 காலத்தில் ஏறாமல் நின்ற அளவு 2007-க்குப் பிறகு மறுபடி ஏறியது. 2020 முதல் 2022 வரை ஆண்டேற்றம் வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. கூடவே, நுண்ணுயிர் மீத்தேனில் குறைவாக இருக்கும் கார்பன்-13 ஐசோடோப்பின் பங்கு உலகக் காற்றின் மீத்தேனிலும் குறைந்துவருவதால், கூடுதல் வாயு கணிசமாக நுண்ணுயிர்களிடமிருந்தே வருகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஈரநிலம், மாடு, குப்பைமேடு, வயல் எல்லாம் அதில் அடக்கம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்த லா நினாவில் (பசிபிக் கடற்பரப்பு குளிரும் கட்டம்) வெப்பமண்டல ஈரநிலங்களுக்குக் கிடைத்த மழை அந்த வேகமான ஏற்றத்தில் பங்கு வகித்தது. 2021-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய மீத்தேன் உறுதிமொழி, 2030-க்குள் 30 சதவீதம் குறைக்கச் சொல்வது மனிதன் உண்டாக்கும் மீத்தேனை மட்டும். பிரேசில் அதில் சேர்ந்திருக்கிறது. வெள்ளக்காடு எந்த நாட்டின் கணக்கிலும் கடன்பட்டதாக எழுதப்படுவதில்லை; மழை மாறி அது கூடுதலாக உமிழ்ந்தால், மாட்டிலும் குப்பையிலும் குறைத்தது அவ்வளவுக்குக் கரைந்துபோகும்.

பெலேமுக்கு எதிரே, கழிமுகத்தை அடைத்துக் கிடக்கும் மராஜோ தீவில் எருமைகள் மந்தை மந்தையாக மேய்கின்றன; சோரே ஊரில் காவலர்கள் ரோந்து போவதே எருமை மேல்தான். இங்குள்ள வெள்ளக்காட்டில் அசாயி பனைகள் மிகுதி. மேற்கே ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கிய நீர் இங்கே கடல் அலையேற்றத்தோடு நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. கிழக்கே பாரா, மரன்யாவோ கரைகளில் உலகின் மிக நீண்ட அலையாத்திக் காட்டு வரிசைகளுள் ஒன்று தொடங்குகிறது. கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள், மீத்தேன் உண்டாக்கும் உயிர்களின் உணவை முந்திக்கொண்டு தின்றுவிடுகின்றன. அதனால் சேறு அதே ஆழம், அதே கறுப்பு என்றாலும் மீத்தேன் உற்பத்தி விழுந்துவிடுகிறது. ஆற்றின் நன்னீர் மேலோங்கி உப்பைப் பின்தள்ளும் மழை மாதங்களில் மட்டும் அது ஓரளவு ஏறக்கூடும்.